நிறுக்காமல் எழுதும் கணக்கு

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பின்னேர வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "சேர், புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு இங்க் பிரிண்டர்ல மாதிரி வினாத்தாள் அடிச்சிக்கிட்டு இருந்தேன். நேத்து வரைக்கும் எழுத்து பளிச்சின்னு விழுந்திச்சு. இன்னைக்கு ரெண்டு லைட்டும் மாறி மாறி மின்னுது. உள்ளுக்குள்ள பாட்ஸ் ஆயுள் முடிஞ்சிருச்சுன்னு கம்பியூட்டர்ல காட்டுது. டவுன்ல கேட்டா புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க. நாலு வருஷத்துலயே தேஞ்சி போயிருமா?"

எதுவும் தேயவில்லை டீச்சர். அந்தச் செய்தி குறிப்பிடும் 'பாட்ஸ்' பெரும்பாலும் பிரிண்டரின் அடியில் கிடக்கும் ஒரு பஞ்சுத் திண்டு. கழிவு மையை உறிஞ்சி வைத்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

கழிவு மை எங்கிருந்து வருகிறது? மையைக் கடதாசியில் தெளிக்கும் அச்சுத் தலையில் தலைமயிரை விட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சில பிரிண்டர்கள் மையைக் கணப்பொழுதில் கொதிக்கவைத்து, எழும் குமிழியால் துளியை உதைத்துத் தள்ளுகின்றன. மற்றவற்றில் மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் ஒரு தகடு அதைச் செய்கிறது. அழுத்தினால் மின் பிறக்கும் பளிங்குகளைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். இங்கே அதே பண்பு தலைகீழாக வேலை செய்கிறது. ஒரு துளி 4 பிக்கோலீற்றர் என்றால், ஒரு மில்லிலீற்றர் மையில் 25 கோடித் துளிகள். இவ்வளவு சிறிய வாயில் மை காய்ந்து அடைபடச் சிறிது நேரம் போதும். அதனால் ஓய்வுநேரத்தில் தலை ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. 'கிளீனிங்' கொடுத்தால் மூடிக்குக் கீழுள்ள சின்னப் பம்பு துளைகள் வழியே மையை உறிஞ்சி இழுக்கும். அந்த மை குழாய் வழியே பஞ்சுக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய மையில் ஒரு பங்கு கடதாசியையே காண்பதில்லை.

இனி முக்கியமான இடம். பஞ்சு நிறைந்துவிட்டது என்று பிரிண்டருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. இந்த வகைப் பிரிண்டர்களில் பஞ்சின் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கும் உணரி எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவை துப்புரவு செய்யும்போதும், 'இதற்கு இவ்வளவு' என்று ஏற்கெனவே விதித்து வைத்த ஒரு தொகையைக் கூட்டிக்கொண்டே போகிறது. சாதாரணத் துப்புரவுக்கு ஒரு தொகை, பலமான துப்புரவுக்குப் பெரிய தொகை, அச்சிடும் நடுவே துளைகளை ஈரமாக வைக்கத் துப்பும் துளிகளுக்குச் சிறிய தொகை. கூட்டுத்தொகை வரம்பைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்குமாக ஒரே கணக்காகச் சில கிலோவைக் கழிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அன்று மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்று அந்தக் கழிவு கேட்பதில்லை.

அந்தக் கூட்டுத்தொகை மின்சாரம் இல்லாமல் எப்படி வருடக்கணக்கில் நிற்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத வியப்பு. பிரிண்டரின் பலகையில் ஒரு சின்ன நினைவகச் சிப் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கலத்திலும், நாலாபுறமும் சிலிக்கன் ஒட்சைட்டால் சூழப்பட்ட ஒரு தீவு. அந்தத் தீவில் இலத்திரன்கள் சிறைப்பட்டிருக்கின்றனவா இல்லையா என்பதே எழுதப்பட்ட தகவல். அந்த ஒட்சைட்டுச் சுவரோ மின்னைக் கடத்தாத நல்ல காவலி. இலத்திரன்கள் உள்ளே போனது எப்படி? கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவே மலையேற முடியாத ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. இலத்திரனுக்கு அப்படிக் குடைந்த வழிகூட இல்லை. சுவர் சுமார் 10 நனோமீற்றர் தடிப்பாகவும் மின்புலம் போதிய வலுவாகவும் இருந்தால், ஏற முடியாத தடையின் மறுபக்கத்தில் அது இருப்பதற்கு ஒரு நிகழ்தகவு உண்டு. 1928இல் ஃபௌலர், நோர்ட்ஹைம் என்ற பௌதிகவியலாளர்கள் உலோகங்களிலிருந்து இலத்திரன் வெளியேறுவதை விளக்கப் போட்ட கணக்கு இது. மின்புலத்தை எடுத்துவிட்டால் வழி அடைபட்டதற்குச் சமம். உள்ளே போனது பத்து வருடமானாலும் அங்கேயே கிடக்கும். டீச்சரின் பிரிண்டரை நிறுத்தியிருப்பது குவாண்டம் பௌதிகத்தால் எழுதப்பட்ட ஒரு கூட்டல் கணக்கு.

இதை அறியாமல் 'ராசியில்லாத மெஷின்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தேசிக்காய் கட்டித் தொங்கவிட்ட ஒரு கடையையும் பார்த்திருக்கிறேன். 'ராசி' என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. மேற்கொண்டு கேள்வி கேட்பதை அது நிறுத்திவிடுகிறது. அதே அளவுக்குப் பிடிக்காதது, பஞ்சு நிறைந்ததை 'ஆயுள் முடிந்தது' என்று எழுதும் வழக்கம். பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை 2015இலேயே குற்றமாக்கிய நாடு பிரான்ஸ். எண்ணிக்கையை வைத்து நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது: பஞ்சு வழிந்தால் மை மேசையில் ஓடும், மின்பலகையையும் தொடலாம். ஆனால் அந்த எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும் வழியை வாங்கியவரிடமிருந்து மறைப்பதற்கு நியாயம் இல்லை. நம் பாடசாலைகளுக்கு மெஷின் வாங்கித்தர நன்கொடையாளர் கிடைக்கிறார். அதைக் கழற்றிப் பார்க்கக் கற்றுத்தரப் பணம் ஒதுக்குவாரைத் தேடவேண்டியிருக்கிறது. ஒரு ஸ்குரூ டிரைவர் பெட்டியும் இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தால் போதும் என்பேன்.

பஞ்சின் உண்மை நிலை என்ன? எங்கள் வீட்டுப் பிரிண்டர் நின்றபோது திறந்து பார்த்தேன். குழாய் வந்து சேரும் மூலை கன்னங்கரேலென்று இருந்தது. மறுமுனை வெள்ளையாகவே இருந்தது. மையில் பெரும்பகுதி நீர், அது ஆவியாகிவிடும். கூடவே காயாமலிருக்கச் சேர்த்த கிளிசரின் போன்றவை தங்கிவிடும். அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கவும் செய்யும். தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிறவர்களைக் கேளுங்கள்: பனிமூட்டம் இறங்கிய நாளில் சூடான காற்று கொடுக்காமல் கொழுந்து வாடாது. சாரீரப்பதன் உச்சத்தில் இருக்கும் நுவரெலியாவில் பஞ்சும் அப்படித்தான். அதே எண்ணிக்கையில் நின்ற இரண்டு பிரிண்டர்களில் மன்னாரிலுள்ளது உலர்ந்திருக்கலாம், இங்குள்ளது சொதசொதவென்றிருக்கலாம். எண்ணுகிற சிப்புக்கு ஊர் தெரியாது. அதனால் எண்ணிக்கையை மட்டும் பூச்சியமாக்கித் தொடர்ந்து அடிப்பது நம் மலைகளில் கூடுதல் ஆபத்து.

செய்யவேண்டியது இரண்டு வேலை. முதலாவது பஞ்சு. மின்கம்பியைக் கழற்றுங்கள், கையுறை போடுங்கள். பல மாடல்களில் பின்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள், ஒன்றிரண்டு ஸ்குரூவோடு இருக்கும். புதுப் பஞ்சு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அடுக்கின் வரிசையைப் போட்டோ எடுத்துவிட்டு, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, நீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் நார் நசுங்கும். அடுப்படிச் சூட்டில், நெருப்பிலிருந்து தள்ளி, முழுதாகக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் நாட்கணக்கு ஆகும். சமையலறை ஸ்பொஞ்சை வெட்டி வைப்பது சரிவராது, அதன் துளைகள் பெரியவை. 0.1 மி.மீ. ஆரையுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 15 செ.மீ. தானாக ஏறி நிற்கும். ஆரை 1 மி.மீ. ஆனால் 1.5 செ.மீ.தான். துளை பெரிதானால் பிடிமானம் போய்விடும்.

இரண்டாவது ரீசெட், அதாவது எண்ணிக்கையைப் பூச்சியமாக்குவது. அதற்குரிய மென்பொருள் மாடலுக்கு மாடல் வேறு. கண்ட இடத்தில் இறக்கினால் வைரஸும் சேர்ந்து வரும். தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே மேல். அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் இந்தப் பஞ்சு தனிப் பெட்டியாக வருகிறது, வீட்டிலேயே மாற்றலாம்.

இனிமேல் எண்ணிக்கை மெதுவாக ஏறவேண்டுமென்றால், சுவர் சுவிட்சை நேரடியாக நிறுத்தாதீர்கள்: தலை மூடிக்குள் போகாமல் காய்ந்தால் கூடுதல் துப்புரவு தேவைப்படும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் போன காலத்தில் எத்தனை பிரிண்டர்கள் தலை மூடப்படாமல் நடுவழியில் நின்றிருக்கும்! இடி மின்னலென்றாலும் முதலில் பிரிண்டரின் சொந்தப் பட்டனை அமர்த்தி, தலை மூடிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு பிளக்கைக் கழற்றுங்கள்.

டீச்சர், டவுனுக்குப் பஸ்ஸில் கொண்டுபோகும்போது பிரிண்டரைச் சரிக்காமல் மடியில் நேராக வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததென்று சொன்னால், கழற்றிய பழைய பஞ்சைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்ட முடியாவிட்டால் ரீசெட் மட்டும்தான் நடந்திருக்கலாம்.