ஸ்வரத்தின் அதிர்வெண்: வகுத்தலில் ஒளிந்திருக்கும் பிழை

ஒலி சார்ந்த மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. வேறொருவர் எழுதிய நிரலைச் சரிபார்க்க உட்கார்ந்தால், ஸ்வரத்தின் எண்ணை அதிர்வெண்ணாக மாற்றும் அந்த ஒற்றை வரியைத்தான் முதலில் தேடுவேன். எளிய கணக்குதானே என்று எல்லோரும் வேகமாகக் கடந்துபோகிற இடம் அது.

கணக்கு எளியதுதான். இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி (MIDI) முறையில் ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். 69 என்பது ஏ4 (எழுத்து ஸ்வரத்தின் பெயர், எண் அதன் ஸ்தாயி), அதற்கு 440 ஹெர்ட்ஸ். 12 செமிடோன் (அடுத்தடுத்த இரு ஸ்வரங்களுக்கு இடையிலான படி) ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பாகும். ஆகவே எண்ணிலிருந்து 69-ஐக் கழித்து, 12-ஆல் வகுத்து, வந்ததை 2-க்கு அடுக்காக்கி, 440-ஆல் பெருக்க வேண்டும். நடு சி ஸ்வரத்தின் எண் 60, கணக்குப்படி 261.63 ஹெர்ட்ஸ் வரும்.

ஒரு முறை என்னிடம் வந்த நிரலில் அது 440 என்று வந்தது. பக்கத்து ஸ்வரமும் 440. சி மொழியிலும் ஜாவாவிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமப் பகுதி அப்படியே உதிர்ந்துவிடும். 60-இல் 69 போனால் -9. அதை 12-ஆல் வகுத்தால் -0.75 வர வேண்டும், வந்ததோ 0. இப்படி 58 முதல் 80 வரை 23 ஸ்வரங்களும் ஒரே குரலில் ஒலித்தன. இத்தனைக்கும் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. எழுதியவர் சோதனைக்கு எடுத்தவை 57, 69, 81. மூன்றும் ஏ ஸ்வரங்கள், வித்தியாசம் 12-ஆல் மீதியின்றி வகுபடும், விடையும் சரியாகவே வரும். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. 12 என்பதை 12.0 என்று மாற்றியதும் சரியாயிற்று.

இன்னொரு பழக்கம், ஒவ்வொரு ஸ்வரத்தையும் முந்தையதிலிருந்து 1.06-ஆல் பெருக்கிக்கொண்டே போவது. உண்மையான விகிதம் 1.059463. இந்தச் சின்ன வித்தியாசம் 12 படி ஏறும்போது சேர்ந்துகொண்டே போய், 880 வர வேண்டிய இடத்தில் 885.4 ஆகிவிடும். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள், நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் ஒலி ஏறி இறங்குவது காதுக்கு நன்றாகவே கேட்கும். தயவுசெய்து அடிப்படை ஸ்வரத்திலிருந்தே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

அதிர்வெண்ணை முழு எண்ணாக வெட்டுவதும் அதே ரகம்தான். பி1 ஸ்வரம் 61.74 ஹெர்ட்ஸ். அதை 61 ஆக்கினால் சுமார் 21 சென்ட் (ஒரு செமிடோனுக்கு 100 சென்ட்) இறங்கிவிடும். ஒரு செமிடோனில் ஐந்தில் ஒரு பங்கு! மேல் ஸ்தாயியில் இதே வெட்டு யாருக்கும் தெரியாது. அதிர்வெண்ணைப் பெறும் கருவி முழு எண்ணை மட்டுமே ஏற்கும் என்றால் வேறு வழியில்லை, அப்போதும் வெட்டாமல் அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்குங்கள்.

ஸ்தாயி எண் மாறுவது ஏ ஸ்வரத்தில் அல்ல, சி ஸ்வரத்தில். பி3-க்கு அடுத்தது சி4. சில கருவிகள் 60-ஐயே சி3 என்று அழைக்கின்றன. அதனால் நான் பெயரைச் சேமிப்பதே இல்லை, எண்ணை மட்டும்தான். 440-ஐயும் நிரலுக்குள் புதைக்காமல் வெளியிலிருந்து கொடுக்கும்படி வைப்பேன். 442-க்குச் சுருதி சேர்க்கும் இசைக்குழுக்களும், பழைய இசைக்காக 415-க்கு இறங்குபவர்களும் உண்டு.

சோதனை எழுதும்போது 'ஒரு ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் போதும்' என்று வைத்துவிடாதீர்கள். 55 ஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸ் ஏறினால் 31 சென்ட். 1760-இல் ஒரு சென்ட்கூட இல்லை. இரண்டு அதிர்வெண்களின் விகிதத்துக்கு 2-ஐ அடிமானமாக வைத்து மடக்கை எடுத்து 1200-ஆல் பெருக்கினால் சென்ட் கிடைத்துவிடும். என் சோதனையில் 60-க்கு 261.626, 61-க்கு 277.183, 70-க்கு 466.164 எப்போதும் இருக்கும், 0.01 சென்டுக்கு மேல் விலகினால் சோதனை சிவப்பாகிவிடும்.