‘வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்’

காசநோய்க்கு ஆறு மாத மாத்திரையும் அரசே இலவசமாகத் தருகிறது. சத்தான சாப்பாட்டுக்கென்று 2018 முதல் தந்துவந்த மாதம் 500 ரூபாயை 2024 நவம்பரில் 1,000 ஆக்கிவிட்டார்கள். அப்புறமும் நோயாளிகள் ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள்? ‘அலட்சியம்’ என்று சொல்லிவிடுவது சுலபம். வடசென்னையில் ஓ.பி. பார்க்கும் எனக்கு அந்தப் பதில் ஒருநாளும் ஒப்பியதில்லை.

காலையில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. இது எல்லோருக்கும் தெரிந்த தடை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத தடை, வீட்டுக்குள் விழும் அடி.

சுகர் மாத்திரை தொலைந்துபோச்சு என்று ஒரு பெண் அடிக்கடி வருவார். குடித்துவிட்டு வரும் கணவர் மாத்திரைப் பையைத் தூக்கிக் கால்வாயில் வீசிவிடுகிறார் என்பதை அவர் வாய் திறந்து சொல்லப் பல மாதங்கள் ஆயின. அதுவரை அவருடைய சீட்டில் ‘ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை’ என்றுதான் எழுதியிருந்தது.

காயத்தையும் கவனித்துப் பார்க்க வேண்டும். வழுக்கி விழுபவர் பெரும்பாலும் கையை ஊன்றுவார். உள்ளங்கையும் முட்டியும் சிராய்க்கும். முன்கையில் சுண்டுவிரல் பக்கமாகக் கன்றிப் போயிருந்தால், முகத்தில் விழ வந்த அடியைத் தடுத்த கையாக அது இருக்கலாம். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தனியாகக் கேளுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்த மருமகளும் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

தெருச் சண்டையில் வெட்டுப்பட்ட பையன்கள் ‘கேஸ் ஆயிடும்’ என்று பயந்து, துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டிலேயே கிடக்கிறார்கள். சீழ் வைத்த பிறகுதான் நம்மிடம் வருகிறார்கள். அவசரச் சிகிச்சையைப் போலீஸ் நடைமுறைக்காகத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமைதான், ஆனால் வைத்தியம்தான் முதலில். குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் சிகிச்சை தந்தே ஆக வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு. இதைப் பேட்டையில் உள்ளவர்களுக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெண்கள் உதவி எண் 181, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. கிராமச் செவிலியரோ நகர்ப்புற நர்ஸோ, யார் சொன்னாலும் சரி, அதைச் சீட்டில் எழுதித் தர வேண்டாம். சீட்டைக் கணவர் பார்த்தால் அதற்கும் அடி விழும். மூன்று இலக்கம்தான், இரண்டு முறை சொல்லச் சொன்னால் மனதில் நின்றுவிடும்.