சின்ன ஃபிளாட்டில் ஆணி அடிப்பதற்கு முன்

சென்னையில் 500, 600 சதுர அடி ஃபிளாட்டுகளுக்கு இன்டீரியர் வேலை செய்து கொடுப்பது என் தொழில். அழைப்பவர்களில் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: "இடமே போதலைங்க, இன்னும் ரெண்டு கப்போர்ட் போட்டுக் கொடுங்க." போட்டுக் கொடுத்தால் எனக்கு வருமானம். ஆனாலும் நான் முதலில் கேட்பது ஏணிதான். லாஃப்ட்டைத் திறந்து பார்க்காமல் எந்த வீட்டிலும் கப்போர்ட்டுக்கு அளவு எடுப்பதில்லை.

அங்கே இருப்பவை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. டிவி வந்த அட்டைப் பெட்டி தெர்மோகோலோடு இருக்கும். வாரண்டி முடிந்து பல வருடம் ஆகியிருக்கும். கல்யாணத்துக்கு வந்த பரிசுகள் பிரிக்காமல் கிடக்கும். சீர் வரிசையில் வந்த அண்டா, குடம், குழந்தை வளர்ந்த பிறகு தேவைப்படாத வாக்கர், ஓடாத மிக்ஸி, பள்ளிப் புத்தகங்கள், கைப்பை நிறைய கைப்பைகள். சதுர அடி 7,000 ரூபாய்க்கு வாங்கிய வீட்டில் 10 சதுர அடியை இவை பிடித்துக்கொண்டால், 70,000 ரூபாய் இடத்தில் தெர்மோகோல் குடியிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மேல் கப்போர்ட் போட்டால் அதுவும் இரண்டு வருடத்தில் நிறைந்துவிடும். முதலில் எடுக்க வேண்டியதை எடுங்கள். சேர்ப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

எடுப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. துணி அலமாரியில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு சேலையும் ஒரு கதை சொல்லும், பாதி நாள் போய்விடும். யாருக்கும் பாசம் இல்லாத பொருள்களில் தொடங்குங்கள்: காலிப் பெட்டிகள், காலாவதியான மருந்து, ஒத்துப்போகாத மூடிகள், பழைய சார்ஜர்கள். கை பழகிய பிறகு பாத்திரத்துக்கு வரலாம். மாமியாரோ அம்மாவோ கொடுத்த பாத்திரத்தை அவர்கள் இல்லாத நேரத்தில் எடுத்துப் போடவே கூடாது. அந்த வருத்தம் பல வருடம் நிற்கும். அவர்களையே உட்கார வைத்து, "இதில் எதை நாம் புழங்கப் போகிறோம்?" என்று கேளுங்கள். எவர்சில்வர், பித்தளையைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, தினம் பயன்படுகிற ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் நிறையப் பெரியவர்கள் சம்மதிக்கிறார்கள். பொருள் வீணாகவில்லை என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அது நியாயமும்கூட.

எடுத்ததை எங்கே அனுப்புவது? பேப்பரும் அட்டையும் பழைய பேப்பர் கடைக்கு. ஓடாத மிக்ஸி, செல்போன், சார்ஜர், பேட்டரி இவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், காயலான் கடைக்கும் கொடுக்காதீர்கள். அங்கே செம்புக்காக வயரை எரிப்பார்கள், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிக்கிற தொழிலாளிதான். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள்படி, விற்ற பொருளுக்கு ஈடான மின்கழிவை முறையாக மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பழைய மெத்தை, உடைந்த சோபா என்றால் சென்னையில் மாநகராட்சியின் 1913-க்குப் பேசுங்கள். போகிக்கு எரித்துவிடலாம் என்று மட்டும் ஒதுக்கி வைக்காதீர்கள். ஸ்பாஞ்சும் ரெக்ஸினும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வருவது விஷப்புகை.

இன்னொரு வழக்கம் இருக்கிறது, அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். வீட்டுக்குள் இடம் பண்ணுவதற்காகச் செருப்பு ஸ்டாண்ட், பழைய சைக்கிள், செடித் தொட்டிகளைப் பொது வராந்தாவிலும் மாடிப்படித் திருப்பத்திலும் கொண்டுபோய் வைப்பது. கீழே மீட்டர் போர்டு பக்கத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்குவது. தீ பிடித்தால் எல்லாரும் புகைக்குள் தட்டுத் தடுமாறி இறங்குவது அந்தப் படியில்தான். பால்கனியைக் கிரில் போட்டு முழுக்க மூடியவர்கள், அதில் திறக்கக்கூடிய ஒரு கதவு வையுங்கள். சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். பால்கனிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஸ்டூல், பெட்டி, பெரிய தொட்டி எதுவும் வேண்டாம். ஏறத் தெரிந்த குழந்தைக்கு அது படிக்கட்டு.

லாஃப்ட்டில் கனமானது எதுவும் இருக்கக் கூடாது. கிரைண்டர் கல், இட்லிக் கொப்பரை, பெரிய குக்கர் எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கீழே. மேலே கொலு பொம்மை, போர்வை, சூட்கேஸ் போன்றவை போதும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி அண்டாவை இறக்க முயன்று இடுப்பு எலும்பு உடைந்தவர்கள் இருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். 1,500 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு நல்ல அலுமினிய ஏணி எதற்கு என்று யோசிக்காதீர்கள்.

சரி, வீடு காலியாகிவிட்டது. இனி நாமே செய்கிற வேலைகள். ஷெல்ஃப் மாட்டுவது, படம் தொங்கவிடுவது, பழைய மேஜைக்குப் பெயிண்ட் அடிப்பது. தச்சரும் பெயிண்டரும் ஒருநாள் வேலைக்கு வர யோசிக்கிற காலத்தில் இதையெல்லாம் கற்றுக்கொள்வது நல்லதுதான், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் டிரில்லிங் மிஷினைக் கையில் எடுக்காதீர்கள்.

ஃபிளாட்டுகளில் சுவர் பெரும்பாலும் மூன்று வகை: செங்கல், ஏஏசி எனப்படும் எடை குறைந்த சாம்பல் நிறக் கட்டி, கான்கிரீட். பீரோவுக்குப் பின்னால் போகிற மாதிரி மறைவான இடத்தில் ஒரு சிறிய ஓட்டை போட்டு, உதிரும் தூளைப் பாருங்கள். முதல் அரை அங்குலம் சிமெண்டுப் பூச்சு. அதற்கப்புறம் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். வெள்ளை கலந்த சாம்பல் நிறத் தூள் மெத்தென்று வந்து, மிஷினின் துளைக்கும் முனையான பிட் சுலபமாக உள்ளே போனால் ஏஏசி. பிட் நகரவே மறுத்தால் கான்கிரீட். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் மிஷினில் ஹேமர் மோடு, அதாவது இடித்தபடியே துளைக்கும் முறை வைக்கலாம். ஏஏசியில் வைத்தால் ஓட்டை பெரிதாகி, ஸ்க்ரூவைப் பிடிக்க உள்ளே செருகும் பிளக் கழன்றுவிடும். அதற்கென்றே நீளமான, செதில் வைத்த நைலான் பிளக் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். எந்தச் சுவரானாலும் ஸ்க்ரூ பூச்சைத் தாண்டி உள்ளே போக வேண்டும். 2 அங்குலத்துக்குக் குறைந்த ஸ்க்ரூவில் புத்தக ஷெல்ஃப் மாட்டினால், புத்தக எடைக்குப் பிடிப்பு போதாது. ஷெல்ஃப் பலகை 18 மி.மீ. பிளைவுட்டாக இருந்தாலும் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் தொய்யும்.

கான்கிரீட்டில் துளைக்கும்போது பிட் இரும்பில் இடித்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். அது கட்டடத்தின் கம்பி. இப்போதைய பெரிய குடியிருப்புகள் பலவற்றில் அலுமினியப் பலகை அடைத்து எல்லாச் சுவரையும் கான்கிரீட்டிலேயே வார்க்கிறார்கள். மைவான் என்று சொல்வார்கள். அங்கே சுவர்களே கட்டடத்தைச் சுமக்கின்றன. சாமி மாடத்துக்காகக் குடைவது, வயர் ஓட்டக் காடி வெட்டுவது எதுவும் கூடாது. தூண், பீம் எந்தக் கட்டடத்திலும் தொடக் கூடாதவை.

அடுத்தது வயர். சுவருக்குள் பதிக்கும் கன்சீல்டு வயரிங்கில் வயர் போகும் பைப் பொதுவாக மேல்தளத்திலிருந்து சுவிட்ச் போர்டுக்கு நேராக இறங்கும். அதனால் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், சுவர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் நேர் கோட்டிலும், ஒரே உயரத்தில் உள்ள இரண்டு பாயிண்டுகளுக்கு நடுவிலும் துளைக்காதீர்கள். குழாய் இருக்கிற சுவரில் குழாய்க்கு மேலும் கீழும் அப்படித்தான். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் படுக்கையறையில் இருக்கும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். துளைக்கப் போகிற அறையின் எம்சிபியை, அதாவது மெயின் போர்டில் அந்த அறைக்கான டிரிப் சுவிட்சை இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து மிஷினுக்குக் கரண்ட் எடுங்கள், அல்லது பேட்டரி மிஷின் வாங்குங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லை என்றால், அலங்காரத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போட்டுவிடுங்கள். புது ஃபிளாட் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கியவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: பூச்சு வேலைக்கு முன் போய் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பைப் எங்கே ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

இரும்பு பீரோவோ, உயரமான டிராயர் அலமாரியோ இருந்தால் மேல் முனையில் எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு ஸ்க்ரூ போட்டு விடுங்கள். கீழ் டிராயர்களைத் திறந்து குழந்தை ஏறினால் மொத்தமும் முன்பக்கம் சாயும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற ஒன்று, ஓதம் பிடித்த சுவரை மறைக்கிற அலங்காரம். பெயிண்ட் உரிந்து, உப்புப் பூத்து, கீழ்ப்பகுதி ஊறியிருக்கிற சுவர்மேல் பிவிசி பேனல் அடிப்பதும், ஸ்டிக்கர் வால்பேப்பர் ஒட்டுவதும் சாதாரணமாகிவிட்டன. வீடியோவில் பத்து நிமிடத்தில் சுவர் பளிச்சென்று மாறிவிடும். ஆனால் ஈரம் அங்கேயேதான் இருக்கிறது, காற்று மட்டும் போவதில்லை. உள்ளே கரும்பூஞ்சை படரும், ஐப்பசி கார்த்திகை மழையில் அறை முழுக்க மக்கல் வாடை அடிக்கும். வீசிங் இருக்கிற குழந்தையோ பெரியவரோ அந்த அறையில் படுத்தால் மருந்து வாங்கி மாளாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நீர் என்றால் அறைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். சுவரிலிருந்து வந்தால் காரணத்தைத் தேடுங்கள்: பின்னால் குளியலறையா, வெளிச்சுவரில் வெடிப்பா, ஏசி தண்ணீர்க் குழாய் சுவரில் வழிகிறதா, மேல்வீட்டு ஒழுகலா. அதைச் சரி செய்து, சுவர் சில வாரம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி, பெயிண்ட். வெளிச்சுவரை ஒட்டி வைக்கும் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் 2 அங்குலம் இடைவெளி விடுங்கள்.

பழைய மரச்சாமானைப் புதுப்பிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. தாத்தா காலத்துத் தேக்கு மேஜைக்கு மரத்தூளை ஒட்டிச் செய்கிற இன்றைய பார்ட்டிகிள் போர்டு மேஜை ஈடாகாது. ஆனால் அதன் மேல் இருக்கும் பழைய எனாமல் பெயிண்டில் கவனம் தேவை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற பொருள் அது. தண்ணீர் தாங்கும் எமரி ஷீட் வாங்கி, நனைத்துத் தேயுங்கள். மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சூடு காட்டி உரிக்கவே கூடாது.

சென்னை, தூத்துக்குடி மாதிரித் துறைமுக ஊர்களில், சரக்கை அடுக்கி அனுப்பப் பயன்படும் பேலட் பலகைகளின் மரம் மலிவாகக் கிடைக்கிறது. அதில் கட்டிலும் திண்ணையும் செய்யலாம். கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். ஆங்கில எழுத்து எச்-டி என்றால் சூடு காட்டிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்-பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். எண்ணெய்க் கறை, ரசாயன வாடை இருக்கிற பலகையையும் ஒதுக்குங்கள். எந்தப் பழைய மரத்திலும் குண்டூசி ஓட்டைகளும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளுக்கும் வண்டு உள்ளே இருக்கிறது. சின்ன வீட்டில் அது மற்ற மரச்சாமானுக்கும் பரவக்கூடும்.

சமையலறையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அழகுக்காகச் சிலிண்டரைக் கதவு போட்ட கப்போர்டுக்குள் வைக்கிறார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். கதவின் அடிப்பகுதியில் தாராளமாகத் திறப்பு இல்லாத கப்போர்டில் சிலிண்டர் வைக்காதீர்கள். சிலிண்டரை அடுப்போடு இணைக்கும் சுரக்ஷா ரப்பர் குழாயை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு என்றால் 1906-க்குப் பேசுங்கள்.

அலங்காரத்துக்கு அதிகம் செலவு தேவையில்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினால் அறைக்கு வெளிச்சம் கூடும். திரைக்கம்பியை ஜன்னல் விளிம்பில் மாட்டாமல் கூரைக்கு அருகில் மாட்டி, துணியைத் தரைவரை விட்டால் தாழ்ந்த அறை உயரமாகத் தெரியும். அம்மாவின் பழைய சுங்குடி, கண்டாங்கி சேலைகள் திரைக்கும் தலையணை உறைக்கும் அருமையாகப் பொருந்தும், அடுப்பிருக்கும் ஜன்னலுக்கு மட்டும் வேண்டாம். சோபாவுக்குப் பதில் பத்தமடைப் பாயும் திண்டும் போட்டால் நடுக்கூடம் பகலில் காலியாக இருக்கும். நான்கு பேர் புழங்கும் 500 சதுர அடியில் காலியான தரையைவிட அழகான பொருள் எதையும் என்னால் விற்க முடியாது.

வாடகை வீடு என்றால் துளைக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சம்மதிக்காவிட்டால் தரையில் நிற்கும் ஷெல்ஃப், ஜன்னல் சட்டத்துக்குள் இறுக்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பி இவற்றால் நிறைய சமாளிக்கலாம். ஒட்டும் கொக்கிகள் டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பெயிண்டோடு பிய்ந்து வரும், டைல்ஸ் மேல் ஒட்டுங்கள். துளைத்திருந்தால் காலி செய்யும்போது பிளக்கைப் பிடுங்கி, பட்டி வைத்து, காய்ந்ததும் தேய்த்து, அதே நிறத்தில் தொட்டு விடலாம். அதற்கு வீட்டுக்காரரிடம் பெயிண்டின் ஷேட் நம்பரைக் குடிவந்த அன்றே வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.