விமான நிலையத்தில் ஃப்ரைடு சிக்கன்: சர்க்கரை உள்ளவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஏர்போர்ட்டில் அந்தப் பொரித்த கோழியைச் சாப்பிடலாமா?"

சாப்பிடுங்கள். 1947இல் பாஸ்கல் சகோதரர்கள் தொடங்கிய உணவகம் இந்த ஊரில் ஃப்ரைடு சிக்கனுக்குப் பெயர் போனது. மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் கூடிப் பேசிய இடம். பின்னாளில் விமான நிலையத்துக்குள்ளும் கடை போட்டது. அப்படிப்பட்ட சாப்பாட்டைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டியதில்லை. கோழி எண்ணெயில் பொரித்தது என்பது கண்ணுக்கே தெரியும், அதனால் எல்லோரும் அளவோடுதான் சாப்பிடுகிறார்கள். எனக்குக் கவலை, தட்டில் அதற்குப் பக்கத்தில் வருபவைதான்.

முதலில் ஸ்வீட் டீ. கேட்காமலேயே குடம் குடமாக ஊற்றுவார்கள். பெரிய டம்ளர் ஒன்றில் 30, 40 கிராம் சர்க்கரை சாதாரணம். அதாவது எட்டு, பத்து டீஸ்பூன். 'அன்ஸ்வீட்' என்று சொல்லிக் கேளுங்கள். வெறுமனே 'டீ' என்றால் இங்கே இனிப்பு டீதான் வரும்.

அடுத்தது காய்கறி. சதர்ன் மெனுவில், அதாவது அமெரிக்கத் தென்மாநிலச் சாப்பாட்டுப் பட்டியலில், மாக்கரோனி சீஸும் காய்கறி வரிசையில்தான் இருக்கும், சிரிக்காதீர்கள். காலர்ட் கீரை நல்ல கீரைதான், ஆனால் வழக்கமாகப் பன்றிக்கால் எலும்போடு உப்புப் போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். காராமணியும் அப்படித்தான். "போர்க் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பார்கள், புகையூட்டிய வான்கோழி இருக்கும். சைவக்காரர்கள் "இறைச்சி எதுவும் போட்டு வேகவைத்ததா?" என்று கேட்க வேண்டும். பொரித்த வெண்டைக்காய் கோழி பொரித்த அதே எண்ணெயிலிருந்து வந்திருக்கலாம்.

உப்பைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராமுக்குள் சோடியம் என்பது இங்குள்ள வரம்பு. கோழி, கீரை, மாக்கரோனி, பிஸ்கட் (இங்கே அது மெத்தென்ற ரொட்டி) என்று ஒரே தட்டு அதை நெருங்கிவிடும். அப்புறம் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்தே போனால் கால் வீங்காமல் என்ன செய்யும்? இருபதோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள தொடர் உணவகம் என்றால் கலோரியை மெனுவிலேயே போட்டிருக்க வேண்டும். கேட்டால் சோடியம், மாவுச்சத்து விவரமும் எழுத்தில் தர வேண்டும். 2018 மே முதல் அதுதான் விதி.

எல்லாவற்றையும் விட முக்கியம், மாத்திரை நேரம். என்னிடம் வந்த ஓர் அம்மா, மேசையில் உட்கார்ந்ததுமே கிளிமிபிரைடு என்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாடு தாமதம். அதற்குள் போர்டிங் அழைப்பு. கோழியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். வரிசையில் நிற்கும்போதே சர்க்கரை இறங்கி, கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல். மகள் பொட்டலத்தைப் பிரித்துக் கோழியை ஊட்டியிருக்கிறார். அது உடனே உதவாது. கொழுப்பு இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவது தாமதமாகும். அந்த நேரத்துக்கு வேண்டியது 15 கிராம் சர்க்கரை: அரை கப் ஜூஸ், அல்லது மூன்று நான்கு குளுக்கோஸ் மாத்திரை, அல்லது நான் இவ்வளவு நேரம் திட்டிய அதே ஸ்வீட் டீ அரை டம்ளர். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

ஆகவே தட்டு கண்ணெதிரே வந்த பிறகு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலினுக்கும் உணவகத்தில் இதுவே பாதுகாப்பு. இப்படிக் கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை மூன்று, நான்கு மணி நேரம் கழித்தும் ஏறும்; அப்போது நீங்கள் நடுவானில் இருப்பீர்கள், குளுக்கோமீட்டர் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினும் அதிலேயே, சரக்குப் பகுதியில் அது உறைந்து கெட்டுப்போகக்கூடும். நேர வித்தியாசத்துக்கு ஏற்ப எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை, டிக்கெட் போட்டதுமே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.