எக்கோ நல்லா இருக்கு, அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “பையனுக்கு 13 வயசு சார். பொறக்கும்போதே இதயத்துல ஒரு பக்கம் சரியா வளரல. மூணு ஆபரேஷன் ஆச்சு, கடைசியா பண்ணது ஃபான்டன்னு சொன்னாங்க. இப்ப எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு பம்பிங் நல்லா இருக்குன்னுட்டாங்க. ஆனா கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு ஓடினா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. ஃபுட்பால் ஆட விடலாமா, வேணாமா?”

கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியில் ஒரு பையனை ஓரமாக உட்கார வைப்பது சின்ன தண்டனை இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேர் ஏதோ ஒரு இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். இதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்கும், இடது பக்கம் உடம்புக்கும் ரத்தம் அனுப்புகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். இந்தப் பையனுக்கு உருப்படியாக இருப்பது ஒரே ஒரு பம்பிங் அறை. அதை உடம்புக்கென்று ஒதுக்கிவிட்டு, உடம்பிலிருந்து திரும்பும் அசுத்த ரத்தக் குழாய்களை நேராக நுரையீரல் தமனியோடு இணைத்துவிடுகிறார்கள். பிரான்ஸின் போர்டோ நகரைச் சேர்ந்த இதய அறுவை மருத்துவர் ஃபிரான்சிஸ் ஃபான்டன் 1971ல் வெளியிட்ட யோசனை இது. அதாவது, நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ள அங்கே பம்பே கிடையாது.

இப்போது எக்கோவுக்கு வருவோம். ‘பம்பிங் 60 சதவீதம்’ என்றால், அறைக்கு வந்து சேர்ந்த ரத்தத்தில் 60 சதவீதத்தை இதயம் வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை அந்த எண் சொல்லாது. அதுவும் அசையாமல் படுத்திருக்கும்போது எடுத்த கணக்கு. பெரியவர் ஒருவருக்கு ஓய்வில் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடினால் போதும். ஆரோக்கியமான இளைஞர் முழு மூச்சாக ஓடும்போது அது 20 லிட்டரைத் தொடும். அத்தனையும் நுரையீரல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். நமக்கு வலது அறை ஓங்கித் தள்ளிவிடும். இவனுக்குத் தள்ள ஆளில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தாலும், ஒவ்வொரு அடிக்கும் நிரம்ப வேண்டிய அளவு ரத்தம் வருவதில்லை. எக்கோ சொன்னதும் நிஜம், மூச்சு வாங்குவதும் நிஜம்.

அப்படியானால் அவனால் இரண்டு ரவுண்டாவது எப்படி ஓட முடிகிறது? எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பு அடங்காத இடம் இதுதான்.

உங்கள் கையைத் தொங்கவிடுங்கள். நரம்பு புடைத்ததும், மணிக்கட்டுக்கு மேலே ஒன்றை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி வழித்துவிட்டு அந்த விரலை மட்டும் எடுங்கள். வழித்த இடம் தட்டையாகவே இருக்கும். மேலே போன ரத்தம் திரும்பி வராது. அழுத்திய விரலை எடுத்தால் கீழிருந்து குபுக்கென்று நிரம்பும். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிரூபித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ல் படம் போட்டுக் காட்டியது இதைத்தான். நாம் நரம்பு என்று சொல்லும் இந்தச் சிரைகளுக்குள், அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களுக்குள், ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன.

காலிலும் அப்படித்தான். கெண்டைக்கால் தசை இறுகும்போதெல்லாம் உள்ளிருக்கும் சிரையைப் பிழிகிறது; கதவு கீழே விடாததால் ரத்தம் மேலே ஏறுகிறது. நம் தெருமுனை அடிபம்பு தண்ணீரை ஏற்றும் அதே சங்கதி. கூடவே மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, அடிவயிற்றிலிருந்து ரத்தம் மேலே உறிஞ்சப்படுகிறது. ஃபான்டன் செய்துகொண்டவர்களை எம்ஆர்ஐ எடுத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த ஓட்டம் ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தப் பையனுக்கு வலது அறை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைக் காலும் மூச்சும் செய்துகொண்டிருக்கின்றன.

ஆகவே “இதய நோய், ஓடாதே ஆடாதே” என்று பொத்திப் பொத்தி வளர்ப்பது, அவனுக்கு இருக்கிற துணைப் பம்பையும் மெலிய விடுவதாகும். சிட்னியில் இப்படிப்பட்ட ஒரு சிறு குழுவுக்கு 20 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2013ல் வெளியிட்டார்கள். தசை கூடியது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவும் கூடியது. ஆள் குறைவுதான், ஆனாலும் வழி காட்டும் முடிவு.

அம்மா கேட்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. முகத்தில் மாஸ்க் மாட்டி, சைக்கிள் மிதிக்கவோ டிரெட்மில்லில் ஓடவோ வைத்து, உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்று அளப்பார்கள். ஓடும் இதயத்தை ஓடும்போதே சோதிப்பது இது. ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. மிகப் பெரிய விஷயம். அதற்குப் பிந்தைய 50 வருட வாழ்க்கைக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது என் கருத்து. இந்தச் சோதனையும் அதை வைத்துப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டும் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்று யாரோ சொன்னதாகவும் அந்த அம்மா எழுதியிருக்கிறார். இல்லவே இல்லை, அம்மா. கரு உண்டாகி எட்டு வாரத்துக்குள் இதயம் உருவாகி முடிந்துவிடுகிறது. நிலாவின் நிழலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஃபுட்பால்? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறானென்றால் மோதி விழும் ஆட்டம் வேண்டாம். வேகநடை, சைக்கிள் இருக்கின்றன. இல்லையென்றால், சோதனை முடிவைப் பார்த்து டாக்டர் சொல்லும் அளவுக்கு ஆடட்டும், மூச்சு வாங்கினால் தானாக நிறுத்திக்கொள்ளும் உரிமையோடு. தலைசுற்றலோ தாறுமாறான படபடப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மே மாத வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் அவனைக் கிரவுண்டில் இறக்கிவிடாதீர்கள். உடம்பில் நீர் வற்றினால் ஏற வேண்டிய ரத்தமும் குறையும். எடை தூக்கினால் மூச்சை அடக்கி முக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தம் ஏறி, நுரையீரலுக்குப் போகும் ஓட்டம் அந்த நொடியே தடைபடும். வாயால் ஊதிக்கொண்டே தூக்கச் சொல்லுங்கள்.