விடியற்காலை நாலரைக்குக் காலைக் கவ்வும் குட்டி

“டாக்டர், இதுக்குப் பேய் கீய் பிடிச்சிருக்குமா?” வேளச்சேரியிலிருந்து மகனோடு வந்த அந்த அம்மா பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். புடவையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டியபோது இரண்டு பாதத்திலும் கோடு கோடாகக் கீறல். மூன்று மாதச் சாம்பல் பூனைக்குட்டியோ கூடையின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. தினமும் விடியற்காலை நாலரைக்குப் போர்வைக்கு வெளியே நீட்டிய காலின் மேல் பாய்கிறதாம்.

பேயும் இல்லை, கோபமும் இல்லை. விடியலும் அந்தியும் பூனைக்கு வேட்டை நேரம். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் எலிக்கு அது எங்கே போகும்? அந்த நேரத்தில் வீட்டில் அசைவது உங்கள் கால் கட்டைவிரல் ஒன்றுதான்.

“கையை ஆட்டி விளையாட்டுக் காட்டுவீங்களா?” என்று கேட்டேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியாக வந்தபோது விரலைக் கடிக்கவிட்டு வீடியோ எடுத்திருக்கிறான். அப்போது அது கூசியது, வலிக்கவில்லை. தெருவில் ஐந்து வாரத்தில் தனியாகக் கிடைத்த குட்டி வேறு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளி எழுந்து போய்விடுவான் என்பதைக் கூடப்பிறந்தவற்றோடு புரண்டுதான் குட்டி கற்கும். குறைந்தது 8 வாரம், முடிந்தால் 12 வாரம் தாயோடு விடச் சொல்வது இதற்காகத்தான். போதாக்குறைக்கு, நாலாவது மாதத்திலிருந்து பால்பற்கள் 26-ம் விழுந்து 30 பற்கள் முளைக்கும். ஈறு நமநமவென்று இருக்கும்.

மருந்து எதுவும் எழுதவில்லை. ஒரு கம்பு, அதன் நுனியில் துணிப்பட்டை, அதில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். ஆனால் ஆட்டும் விதத்தில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டுகிறார்கள். எந்த எலி பூனையின் மூக்குக்கு முன்னால் வந்து ஆடும்? முடிச்சு குட்டியை விட்டு விலகி ஓட வேண்டும், சோபா காலுக்குப் பின்னால் ஒளிய வேண்டும், சற்று அசையாமல் கிடக்க வேண்டும். குட்டி பதுங்கிப் பின்பக்கத்தை ஆட்டும்போது அவசரப்படாதீர்கள். நடுநடுவே பிடிக்க விடுங்கள். லேசர் விளக்கை நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் பிடிக்க ஒன்றுமே இல்லை. படுக்கப் போகுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் இப்படி ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்து, கடைசியாக ஒருமுறை பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டையாடித் தின்ற பூனை உடம்பை நக்கிவிட்டுத் தூங்கப் போகும்.

அப்படியும் நாலரைக்கு எழுப்பினால்? எழுந்து சாப்பாடு வைக்காதீர்கள். வைத்தால் அலாரத்துக்குக் கூலி கொடுத்த மாதிரி. முதல் சில நாள் தொல்லை கூடும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கையைக் கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் அது இரை. அசையாமல் நிறுத்தி, விட்டதும் எழுந்து போய்விடுங்கள். அடிப்பது, மூஞ்சியில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் குட்டிக்கு உங்களிடம் பயத்தைத்தான் வளர்க்கும். பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், வீட்டுக்குட்டிதானே என்று மஞ்சள் வைத்து விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி.

சோபாவைப் பிராண்டுகிறதா? தேங்காய்நார்க் கயிறு இறுகச் சுற்றிய கட்டையை அந்த சோபாவுக்குப் பக்கத்திலேயே ஆடாமல் நிறுத்துங்கள். பால்கனிக்கு வலை அடியுங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா, “நான் பூ கட்டும்போதும் மடியில வந்து நூலை இழுக்குது டாக்டர், அது பரவாயில்ல” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. சிக்கிய நூலைத் துப்புவது கஷ்டம், விழுங்கத்தான் செய்யும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அதுபோலக் குடல் நூலில் சுருங்கி அறுபடும். நூல் வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் இழுக்கவே கூடாது, நேராக டாக்டரிடம் வர வேண்டும். அந்தத் துணிப்பட்டைக் கம்பும் விளையாடி முடித்ததும் பீரோவுக்குள்தான்.

அடுத்த ஊசிக்கு வந்தபோது கீறல்கள் ஆறியிருந்தன. குட்டி ஐந்தரைவரை தூங்குகிறதாம். இப்போது பூ கட்டும்போது அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாராம். வெளியே உட்கார்ந்து கதவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறதாம்.