நாப்பது வயசுல பியானோ: விரல் சும்மா இருக்கிற நேரத்துல மூளை என்ன பண்ணுது?

ராத்திரி பத்தே கால். பாத்திரம் கழுவியாச்சு, பசங்க தூங்கியாச்சு, காலைல ஒன்பது மணி மீட்டிங்குக்கு ஸ்லைடு மட்டும் பாக்கி. அந்த நேரத்துல ஹெட்போனை மாட்டிகிட்டு டிஜிட்டல் பியானோ முன்னாடி உக்காந்தா எனக்குக் கிடைக்கிறது இருபது நிமிஷம். இடது கைக்கு நாலே நாலு பார் (பாட்டோட ஒரு சின்னத் தாளத் துண்டு, நம்ம ஆவர்த்தனம் மாதிரி). திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், ஒரே இடத்துல தடுமாறுது, மறுபடியும் வாசிக்கிறேன், மறுபடியும் அங்கயே தடுமாறுது, கடைசில ஆரம்பிச்சப்போ இருந்ததைவிட மோசமா முடிச்சிட்டு எந்திரிக்கிறேன். மறுநாள் ராத்திரி வந்து கை வெச்சா அந்த இடம் தானா ஓடுது. நடுவுல நான் பியானோவைத் தொடவே இல்ல.

வயசான பிறகு கத்துக்க உக்காந்த நிறைய பேர் இதைப் பார்த்திருப்பாங்க, ஏதோ அதிர்ஷ்டம்னு நினைச்சு விட்டிருப்பாங்க. அதிர்ஷ்டம் கிடையாது, இதைச் சோதனைக்கூடத்துல அளந்தே பார்த்திருக்காங்க. நேரம் இல்லாதவங்களுக்கு இதைவிட நல்ல சேதி எனக்குத் தெரிஞ்சு இல்ல, அதான் கொஞ்சம் விரிவா எழுதலாம்னு.

முதல்ல கை. ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. கையை மேசை மேல கவுத்து வைங்க, நடுவிரலை மட்டும் உள்ளங்கைக்கு அடியில மடிச்சுக்கோங்க, மத்த நாலு விரல் நுனியும் மேசையைத் தொட்டுகிட்டு இருக்கட்டும். இப்ப கட்டை விரலைத் தூக்குங்க, வரும். ஆள்காட்டி விரல் வரும், சுண்டு விரலும் வரும். மோதிர விரலைத் தூக்கிப் பாருங்க. பசை போட்டு ஒட்டின மாதிரி அப்படியே கிடக்கும். விரலை மடக்கி நீட்டுற பெரிய தசைகள் விரல்ல இல்ல, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இருக்கு, அங்கேர்ந்து தசைநாண்கள் கயிறு மாதிரி விரலுக்கு ஓடுது. புறங்கையில அந்தக் கயிறுகள் ஒண்ணோட ஒண்ணு குறுக்கே பின்னியிருக்கு. ஆள்காட்டிக்கும் சுண்டு விரலுக்கும் தூக்குறதுக்குன்னு தனியா ஆளுக்கொரு தசை கூடுதலா உண்டு, மோதிர விரலுக்கு அது இல்ல, அதனால பக்கத்து விரல் மடங்கிக் கிடந்தா அதுவும் மாட்டிக்கும். ஏழு வயசுக் குழந்தைக்கும் இதே கட்டுதான், கச்சேரி பண்றவருக்கும் இதே கட்டுதான். பயிற்சி பண்ணா அந்தக் கட்டு அறுந்து போயிடாது, அதை வெச்சுகிட்டே எப்படி ஓட்டுறதுன்னு மூளை கத்துக்குது, அவ்வளவுதான். அதனால மோதிர விரலை வலுக்கட்டாயமா பலப்படுத்துறேன்னு யாரும் கிளம்பாதீங்க, தயவு செஞ்சு. ராபர்ட் ஷூமன்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளருக்கு இளம் வயசுலயே வலது கை பாழாகி பியானோக் கலைஞர் ஆகுற கனவே போச்சு. விரலுக்கு ஒரு கருவி மாட்டிப் பழகினதுதான் காரணமா, வேற நோயான்னு இன்னிக்கும் விவாதம் நடக்குது, ஆனா வலிக்க வலிக்கப் பழகக் கூடாதுங்கறதுல விவாதமே இல்ல.

அடுத்தது ரெண்டு கையும் சேருற இடம், பாதிப் பேர் விட்டுட்டுப் போறது இங்கதான். இதுக்கும் ஒரு சோதனை இருக்கு. ரெண்டு ஆள்காட்டி விரலையும் முன்னாடி நீட்டி, ரெண்டையும் ஒரே பக்கமா ஆட்டுங்க, கார் வைப்பர் மாதிரி, ரெண்டும் இடது, ரெண்டும் வலது. மெதுவா ஆரம்பிச்சு வேகத்தை ஏத்திகிட்டே போங்க. ஒரு கட்டத்துல நீங்க கேக்காமலே விரல்கள் மாறிடும், ரெண்டு பக்க ஜன்னல் கதவு திறந்து மூடுற மாதிரி கண்ணாடி பிம்பமா ஆட ஆரம்பிக்கும். 1980-கள்ல ஸ்காட் கெல்சோங்கற ஆராய்ச்சியாளர் இதை அளந்து எழுதினார், ஹெர்மன் ஹாக்கன்ங்கற இயற்பியலாளரோட சேர்ந்து 1985-ல இதுக்கு ஒரு கணித மாதிரியே போட்டாங்க. ரெண்டு கையிலயும் ஒரே தசைகள் ஒரே சமயத்துல வேலை செய்யறது நரம்பு மண்டலத்துக்கு ரொம்ப நிலையான நிலை, வேகம் கூடினா மத்ததெல்லாம் உடைஞ்சு அதுலதான் போய் விழும். பியானோல இதை நேராவே பார்க்கலாம். ரெண்டு கட்டை விரலையும் நடு ஸ (பியானோவோட நடுவுல இருக்கிற C கட்டை) மேல வெச்சு ஒரு கை வலப்பக்கம் ஏற ஒரு கை இடப்பக்கம் இறங்கினா முதல் நாளே வந்துடும், ஏன்னா ரெண்டு கையிலயும் ஒரே விரல் சேர்ந்து விழுது. ரெண்டு கையும் ஒரே திசைல ஏறணும்னா மாசக்கணக்கு. இது உங்க வயசோட குறை இல்லைங்க, மனுஷ உடம்போட அமைப்பு.

அப்ப எப்படித்தான் வாசிக்கிறாங்க? ரெண்டு கைக்கும் ரெண்டு தனித்தனி வேலையை மூளை ஒரே நேரத்துல பண்றதா நாம நினைச்சுக்கிறோம். பைக் ஓட்டப் பழகின நாளை நினைச்சுப் பாருங்க. இடது கை க்ளட்ச்சை விடணும், வலது கை ஆக்ஸிலேட்டரை முறுக்கணும், தனித்தனியா யோசிக்கிற வரைக்கும் வண்டி குதிச்சு ஆஃப் ஆகும். என்னிக்கு அது 'கிளம்புறது'ங்கற ஒரே அசைவா ஆச்சோ அன்னிலேர்ந்து பிரச்சனை இல்ல. மிருதங்கக்காரர் இடப்பக்கத் தொப்பியையும் வலப்பக்க வலந்தலையையும் ரெண்டு கணக்காப் போட்டு வாசிக்கிறதில்ல, வாயில வர்ற சொல் ஒண்ணுதான். பியானோலயும் 'சேர்ந்து, வலது, இடது, வலது, சேர்ந்து'ன்னு ரெண்டு கையையும் ஒரே வரிசையா வாயால சொல்லிகிட்டே மெதுவா வாசிச்சா அது சீக்கிரம் ஒட்டுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இதெல்லாம் மூளைக்குள்ள எப்போ ஒட்டுது?

அமெரிக்காவுல பெதஸ்டால இருக்கிற தேசிய சுகாதார நிறுவனத்துல ஒரு சோதனை பண்ணாங்க, 2019-ல வெளியாச்சு. நாலு விரலுக்கு நம்பர் கொடுத்து 4-1-3-2-4ங்கற வரிசையை எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா தட்டச் சொன்னாங்க. பத்து செகண்ட் தட்டணும், பத்து செகண்ட் சும்மா இருக்கணும், மறுபடியும் பத்து செகண்ட் தட்டணும், இப்படியே 36 தடவை. ஆரம்பத்துல எல்லாருக்கும் வேகம் மளமளன்னு ஏறுது. ஆனா அந்த ஏத்தம் எங்க நடக்குதுன்னு பிரிச்சுப் பார்த்தா தட்டிகிட்டு இருக்கும்போது பெருசா ஏறலை, சும்மா இருந்த அந்தப் பத்து செகண்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியுது! ஓய்வுல இருக்கும்போது மூளைல என்ன ஓடுதுன்னு அதே குழு 2021-ல பார்த்தப்போ, இப்பதான் தட்டின வரிசையையே மூளை திரும்ப ஓட்டிப் பார்க்குது, அதுவும் கிட்டத்தட்ட இருபது மடங்கு வேகத்துல. விரல் அசையலை, ஆனா உள்ள ஒத்திகை நடந்துகிட்டே இருக்கு. இதைப் படிச்ச அன்னிக்கு நான் பழகுற விதத்தையே மாத்தினேன். ஒரு பாரை ரெண்டு மூணு தடவை வாசிச்சிட்டு கையை மடியில வெச்சு மூச்சு விட்டுக்கிறேன். முன்னாடியெல்லாம் நேரம் வீணாகுதேன்னு அந்த இடைவெளியே விடாம வாசிப்பேன்.

இது செகண்டுக் கணக்கு, ராத்திரிக் கணக்கு வேற. 2002-ல ஹார்வர்ட்ல தூக்க ஆராய்ச்சியாளர் மேத்யூ வாக்கரும் கூட இருந்தவங்களும் இதே மாதிரி விரல் வரிசையை இடது கைக்குக் கத்துக் கொடுத்தாங்க. காலைல பழகினவங்களை அன்னிக்கு ராத்திரியே சோதிச்சா பெரிய முன்னேற்றம் இல்ல. தூங்கி எந்திரிச்ச பிறகு சோதிச்சா சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருக்கு, தப்பும் கூடலை. ராத்திரி பழகி காலைல வந்தவங்களுக்கும் அதே கதை. அந்த லாபத்துக்கும் இரண்டாம் நிலைத் தூக்கத்துக்கும் (ரொம்ப ஆழமில்லாத தூக்கம்), அதுலயும் விடியக்காலைப் பக்கம் வர்றதுக்கும், தொடர்பு இருக்கிறதாப் பார்த்தாங்க. பழகும்போது வந்த அலுப்பு கலைஞ்சதாலயும் கொஞ்சம் வேகம் வந்திருக்கலாம்னு பிறகு சிலர் வாதாடினாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. இந்த மாதிரிச் சோதனைல உக்காருறவங்க பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கிற பசங்கங்கறதையும் மறக்கக் கூடாது, வயசு ஏற ஏற தூக்கத்தால வர்ற லாபம் குறையறதா சில ஆய்வுகள் சொல்லுது. ஆனா அலுப்போட முடிச்ச நாலு பார் மறுநாள் சரியா வர்றதுக்கு இதுல விளக்கம் இருக்கு. ஸ்லைடு போடுறேன்னு ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சா எந்தத் தூக்கத்தை வெட்டுறோம்னு யோசிச்சுப் பாருங்க, அந்த விடியக்காலைத் தூக்கத்தைத்தான்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் மொத்தமா உக்காரலாம்னு நிறைய பேர் திட்டம் போடுறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். வாரத்துக்கு ஒரே ஒரு தடவை உக்காந்தா பழகினதுக்குப் பின்னாடி வர்ற ராத்திரி ஒண்ணுதான், அடுத்த ஞாயிறுக்குள்ள பாதி மறந்தும் போயிருக்கும். அதே ரெண்டு மணி நேரத்தை ஆறு நாளைக்கு இருபது நிமிஷமா உடைச்சா ஆறு ராத்திரி கிடைக்குது.

அந்த இருபது நிமிஷத்துக்குள்ளயும் ஒரு நுணுக்கம் இருக்கு. 1979-ல ஷியா, மார்கன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மூணு வகைக் கை அசைவைக் கத்துக் கொடுத்தாங்க. ஒரு குழு ஒண்ணை முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போச்சு, இன்னொரு குழுவுக்கு மூணையும் கலந்து கலந்து கொடுத்தாங்க. பழகும்போது கலந்து பழகினவங்க பின்தங்கினாங்க, பத்து நாள் கழிச்சுக் கூப்பிட்டுப் பார்த்தா அவங்கதான் முன்னாடி நின்னாங்க. ஒரே பாரை முப்பது தடவை வாசிக்கும்போது பத்தாவது தடவைக்கு மேல மூளை எதையும் புதுசா எடுத்து வர வேண்டியதில்ல, சூடா கைலயே இருக்கு, அதனால நல்லா வர்ற மாதிரித் தெரியும். கொஞ்சம் இந்தப் பாட்டு, கொஞ்சம் ஸ்கேல் (ஸ்வரங்களை வரிசையா ஏறி இறங்குறது), மறுபடியும் அந்தப் பாட்டுன்னு மாத்தினா ஒவ்வொரு தடவையும் அடியிலேர்ந்து தேடி எடுக்கணும், அந்தத் தேடுதல்தான் ஆழமாப் பதியுது. பழகுற நேரத்துல கேக்குறதுக்கு மோசமா இருக்கும், அதைப் பார்த்து பயப்படாதீங்க.

தப்பு விஷயத்துல மட்டும் கறாரா இருக்கணும், ஏன்னா மூளை நல்லது கெட்டது பார்த்துப் பதியறதில்ல, அடிக்கடி நடந்தது எதுவோ அது பதியும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல 2009-ல வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்லா வாசிக்கத் தெரிஞ்ச 17 பியானோ மாணவர்களுக்கு ஷோஸ்டகோவிச்ங்கற ரஷ்ய இசையமைப்பாளரோட ஒரு கான்செர்ட்டோலேர்ந்து (ஆர்க்கெஸ்ட்ராவோட சேர்ந்து வாசிக்கிற பெரிய படைப்பு) மூணே மூணு பார் கொடுத்து, வேணுங்கற நேரம் பழகிக்கோங்கன்னு விட்டுட்டாங்க. மறுநாள் யார் நல்லா வாசிச்சாங்கன்னு பார்த்தா, எவ்வளவு நேரம் பழகினாங்கங்கறதுக்கும் எத்தனை தடவை வாசிச்சாங்கங்கறதுக்கும் தொடர்பே இல்ல. முதல் இடத்துல இருந்தவங்களும் தப்பு பண்ணாங்க, ஆனா தப்பு வந்த இடத்துலயே நின்னு, வேகத்தைக் குறைச்சு, அந்தத் துண்டை மட்டும் சரி பண்ணிட்டுத்தான் நகர்ந்தாங்க. நம்மள மாதிரி ஆரம்பக்காரங்க என்ன பண்றோம், தடுமாறினதும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம். முதல் ரெண்டு பார் நூறு தடவை வாசிச்சு மெருகேறிடும், தடுமாறுற இடம் தடுமாறினபடியே பதிஞ்சுடும்.

இந்தச் சோதனைகள்ல பாதி பட்டனைத் தட்டுறதுதான், பியானோ அதுக்கும் மேலங்கறதையும் சொல்லணும். 1700-ஐ ஒட்டி ஃப்ளோரன்ஸ்ல பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி செஞ்ச முதல் பியானோவுக்கு முன்னாடி இருந்த ஹார்ப்சிகார்ட் கம்பியைச் சுண்டும், எவ்வளவு பலமா அமுக்கினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பியானோல சின்னச் சுத்தியல் கம்பியை அடிக்குது, அடிக்கிறதுக்கு ஒரு கணம் முன்னாடியே அது கட்டையோட பிடியிலேர்ந்து விடுபட்டுப் பறக்குது. அப்புறம் விரலால ஒண்ணும் செய்ய முடியாது, என்ன வேகத்துல அனுப்பினோமோ அதான் சத்தம். அதனால எந்தக் கட்டைங்கறதோட எவ்வளவு வேகம்ங்கறதையும் மூளை பதியணும், அதுக்குத்தான் வாங்கும்போது எடை உள்ள கீ இருக்கிற மாடலா பார்த்து வாங்குங்கன்னு சொல்றாங்க. லேசான பிளாஸ்டிக் கீல பழகின விரல் நிஜ பியானோல தடுமாறும்.

கடைசியா நரம்பியல் ஆராய்ச்சியாளர் அல்வாரோ பாஸ்குவல் லியோனி 1995-ல வெளியிட்ட ஒரு சோதனை, இதை முதல்ல படிச்சப்போ என்னால நம்பவே முடியலை. பியானோ தெரியாதவங்களுக்கு ஒரு கைக்கான ஐந்து விரல் பயிற்சி கொடுத்தார். நம்ம பாஷைல சொன்னா ஸ ரி க ம ப ம க ரி, சங்கராபரணத்தோட பாதி ஏறி இறங்குறது, நிமிஷத்துக்கு 60 தட்டு மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) வெச்சு. ஒரு குழு தினம் ரெண்டு மணி நேரம், அஞ்சு நாள் வாசிச்சாங்க. இன்னொரு குழு அதே நேரம் பியானோ முன்னாடி உக்காந்து, விரலை அசைக்காம, வாசிக்கிற மாதிரி நினைச்சாங்க, அவ்வளவுதான். மண்டை ஓட்டுக்கு வெளியிலேர்ந்து காந்தத் துடிப்பு கொடுத்து மூளையோட இயக்கப் பகுதியை வரைபடமா எடுத்தா, அந்த விரல் தசைகளுக்கான இடம் ரெண்டு குழுவுக்கும் பெரிசாயிருந்தது. வாசிப்புல நினைச்சவங்க அஞ்சாம் நாள் எட்டினது வாசிச்சவங்களோட மூணாம் நாள் அளவு. அப்புறம் ஒரே ஒரு தடவை ரெண்டு மணி நேரம் நிஜமா வாசிக்க விட்டதும் மீதியையும் பிடிச்சிட்டாங்க.

தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல சாயங்காலம் உக்கார இடம் கிடைச்சா நான் இப்ப ஃபோனை எடுக்கிறதில்ல. கண்ணை மூடிகிட்டு அந்த நாலு பாரை இடது கைக்குள்ள ஓட்டுறேன், சுண்டு விரல், நடு விரல், கட்டை விரல், எது எந்தக் கட்டைல விழுதுன்னு ஒண்ணொண்ணா. நினைப்புல விரல் எங்க தடுக்குதோ அங்கதான் பியானோலயும் தடுக்கும். நேத்து பல்லாவரம் தாண்டும்போது மூணாவது பார்ல மோதிர விரலுக்கு எந்தக் கட்டைன்னு ஞாபகமே வரலை, அப்படியே இருட்டா இருந்தது. ராத்திரி ஹெட்போன் மாட்டினதும் முதல்லேர்ந்து வாசிக்கலை, நேரா அந்த மோதிர விரலுக்குத்தான் போனேன்.